கேட்பதும் கேட்கக் கொடுப்பதும்

இசைத்தொகுப்பு என்பது ஒரு கலைஞரோ ஒரு நிறுவனமோ குறிப்பிட்ட ஒழுங்கில் அடுக்கி, ஓர் அட்டைப்படத்துடனும் ஒரு பெயருடனும் வெளியிடும் பாடல்களின் கோவையாகும். அண்மையில் எந்தத் தொகுப்பைக் கேட்டீர்கள் என்று இசை விரும்பிகள் ஒருவரையொருவர் வினவிக்கொள்வதும், கேட்டதைச் சொல்வதன் வழியே தம் சுவையை வெளிப்படுத்துவதும் உலகின் பல பகுதிகளில் நெடுநாள் வழக்கமாக இருந்து வருகின்றன. கிழக்கிலங்கையின் கரையோர முஸ்லிம் ஊர்களில் இந்தப் பரிமாற்றம் வேறொரு வழியில் வளர்ந்தது. நிறுவனங்கள் வெளியிட்ட தொகுப்புகள் அக்கரைப்பற்று, கல்முனை போன்ற ஊர்களுக்கு முழு உருவில் வந்து சேர்ந்தது குறைவு. வந்து சேர்ந்த பாடல்களைத் தெரிந்தெடுத்து, வரிசைப்படுத்தி, தமக்கென்றும் பிறர்க்கென்றும் தொகுப்புகளாக ஆக்கிக்கொண்டவர்கள் கேட்போரே ஆவர். ஆகையால் இந்தக் கரையின் இசைத்தொகுப்பு வரலாற்றை எழுத முனைபவர், பாடகரையும் நிறுவனத்தையும் தேடுவதற்கு முன்னர், பாடலைக் கை மாற்றிவிட்ட மனிதர்களைத் தேட வேண்டியவராகிறார்.

அம்பாறை மாவட்டம் 1961 ஆம் ஆண்டு மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று கடலுக்கும் வயல் வட்டைகளுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்திருக்கும் இவ்வூர்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களும், அவர்களுக்கு அடுத்த தெருவிலேயே தமிழ் இந்துக்களும் வாழ்கின்றனர். அக்கரைப்பற்றும் ஆலையடிவேம்பும் தனித்தனிப் பிரதேச செயலகங்களாக இருந்தாலும், ஒன்றின் ஒலி மற்றதன் முற்றத்தில் விழும் தூரத்திலேயே இருக்கின்றன. 1969 ஆம் ஆண்டு முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008 இல் வெளிவந்த தம் பெருநூலில், இங்குள்ள தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகத்தாரும் தாய்வழிக் குடி முறையையும், திருமணத்தின்போது மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தையும் பேணுவதை விரிவாக விளக்கியிருக்கிறார். அவர் இசையை ஆராய வந்தவர் அல்லர் என்றபோதிலும், அவர் காட்டும் குடியிருப்பு அமைப்பு இசை பரவிய விதத்தைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவுகிறது. தாய் வீட்டை ஒட்டிய வளவிலேயே சகோதரிகளின் வீடுகள் எழுவதால், ஒரு வீட்டின் வானொலிப் பெட்டி நான்கு வீடுகளுக்குப் பாடுகிறது. வெளியூரிலிருந்து மணமகனாக வந்து அந்த வளவில் குடியேறும் மருமகன், தன் ஊரில் கேட்டு வந்த பாடல்களையும் உடன்கொண்டு வருகிறான். வேலிக்கு மேலால் கறிக்கோப்பை போய்வருவதைப் போலவே பாடல்களும் இவ்வளவுகளில் போய்வந்தன.

ஒலிப்பதிவுக் கருவிகள் தோன்றுவதற்கு முன்னரே, சேர்ந்து கேட்பதற்கான நிறுவனங்கள் இக்கரையில் வலுவாக இருந்தன. உமறுப் புலவர் இயற்றிய சீறாப்புராணத்தை ஒருவர் இராகமிட்டு வாசிக்க இன்னொருவர் பொருள் சொல்லும் மரபும், குணங்குடி மஸ்தான் சாகிபுவின் பாடல்களை மனனமாகப் பாடும் மரபும், பெண்புத்திமாலை போன்ற மாலைப் பாடல்களைப் பெண்கள் வீட்டில் கூடியிருந்து வாசிக்கும் மரபும் தமிழ் முஸ்லிம்கள் வாழ்ந்த இடங்களிலெல்லாம் நிலவின. நோன்பு மாதத்தின் சஹர் வேளையில், அதாவது வைகறைக்கு முன் உண்டு முடிக்கும் நேரத்தில், தாயிரா எனும் தோற்கருவியைத் தட்டிப் பாடியபடி தெருத்தெருவாகச் சென்று உறங்குவோரை எழுப்பிய பக்கீர் பாவாக்களை இன்றைய மூத்த தலைமுறை நேரில் கேட்டிருக்கிறது. வயல் வாடியில் இரவுக் காவலிருப்போர் ஒருவருக்கொருவர் எதிர்க்குரல் கொடுத்துப் பாடிய கவி, கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடல், திருமண வீட்டில் கோலடித்து ஆடும் பொல்லடி, பெண்களின் குரவை ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவையே. கவி என்று இங்கு குறிக்கப்படுவது பெரும்பாலும் காதலையும் பிரிவையும் பேசும் நான்கடி நாட்டார் பாடலாகும். நிந்தவூரைச் சேர்ந்த எழுத்தாளர் எஸ். முத்துமீரான் போன்றோர் அவற்றைத் தேடித் தொகுத்து அச்சேற்றியிராவிட்டால், அவற்றுள் பல இந்நேரம் காற்றோடு போயிருக்கும். இவை அனைத்திலும் கேட்பவர் தனித்திருக்கவில்லை என்பதும், கேட்டவர் அடுத்த முறை பாடுபவராக மாறக்கூடியவராக இருந்தார் என்பதும் பிற்காலத்தைப் புரிந்துகொள்ள இன்றியமையாதவை.

ஒலிப்பதிவின் வரலாற்றைச் சுருங்கச் சொல்வதாயின், 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகியின் குரலைக் கிராமபோன் நிறுவனத்தார் பதிவு செய்ததிலிருந்து துணைக்கண்டத்துக்கான கதை தொடங்குகிறது. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று முதல் நான்கு நிமிடங்களே ஓடியது. நீண்ட படைப்பு ஒன்றைக் கேட்கப் பல தட்டுகள் தேவைப்பட்டமையால், அவற்றை உறைகளில் இட்டுப் புகைப்பட ஏடு போலக் கட்டிய புத்தகமே அல்பம் என்ற பெயரைப் பெற்றது. 1948 இல் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய நெடுந்தட்டு, நிமிடத்துக்கு 33⅓ முறை சுழன்று, பக்கத்துக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் ஓடியதால், அந்தப் புத்தகம் முழுவதும் ஒரே தட்டில் அடங்கிற்று. பெயர் மட்டும் எஞ்சி நின்றது. மேற்குலகில் 1960களுக்குப் பின்னர் அந்தத் தட்டு முழுமையான கலைப்படைப்பாக மதிக்கப்பட்டதும், அதன் பாடல் வரிசையைக் குலைப்பது பிழையெனக் கருதப்பட்டதும், அதை விலை கொடுத்து வாங்கித் தன் அறையில் தனித்திருந்து கேட்கும் ஒரு நடுத்தர வர்க்கம் அங்கு இருந்ததால் நிகழ்ந்தவையாகும். அக்கரைப்பற்றில் அத்தகைய அறையும் இல்லை, அத்தகைய வாங்கும் வசதியும் பெரும்பாலோர்க்கு இல்லை.

பெரும்பாலோர்க்கு இசை வந்து சேர்ந்தது வானொலி வழியாகவே. 1925 இல் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு 1949 இல் ரேடியோ சிலோன் என்ற பெயரைப் பெற்றது. 1967 ஜனவரியில் கூட்டுத்தாபனமாக்கப்பட்டு, 1972 இல் நாட்டின் பெயர் மாறியதைத் தொடர்ந்து இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆயிற்று. இந்தியாவின் அகில இந்திய வானொலி 1952 இல் திரைப்பாடல்களுக்குக் கதவடைத்தபோது, கொழும்பின் வர்த்தக ஒலிபரப்பு துணைக்கண்டம் முழுவதும் கேட்கப்பட்டது பலரும் அறிந்த செய்தி. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்கள் தமிழகத்திலும் வீட்டுக் குரல்களாயின. இவ்வானொலியின் நேயர் விருப்ப நிகழ்ச்சிகளே ஓர் ஊரார் தாம் விரும்பிக் கேட்பது எது என்பதை நாட்டுக்கு அறிவித்த முதல் பொது மேடை எனலாம். அஞ்சலட்டையில் பாடலின் பெயரை எழுதி, அதன் கீழே அதை விரும்பிக் கேட்போர் என்று உம்மா, வாப்பா, ராத்தா, காக்கா, நண்பர்கள் என நீளும் பட்டியலையும் ஊர்ப் பெயரையும் எழுதி அனுப்புவதும், அது வாசிக்கப்படும் நாளுக்காகக் காத்திருப்பதும் அக்காலத்து இளையோரின் பெரும் பொழுதுபோக்காக இருந்தன. பாடல் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அப்பட்டியல் வாசிக்கப்பட்ட செய்தி தெருவில் பல நாள் நிற்கும். கேட்பது என்ற செயலைவிடக் கேட்பவர் இன்னார் என அறியப்படுவது இனிப்பாக இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

கூட்டுத்தாபனத்தின் முஸ்லிம் நிகழ்ச்சிகள் இக்கரைக்கு இன்னும் நெருக்கமானவை. நோன்பு மாதத்தில் சஹர் நேரத்திலும் நோன்பு திறக்கும் நேரத்திலும் ஒலித்த சிறப்பு நிகழ்ச்சிகளும், அவற்றிடையே வந்த இஸ்லாமிய கீதங்களும், கடிகாரம் இல்லாத வீட்டுக்குக் கடிகாரமாகவும் இருந்தன. பிற்காலத்தில் அட்டாளைச்சேனையிலிருந்து ஒலித்த பிறை எஃப்.எம். என்ற பிராந்திய ஒலிபரப்பு, கொழும்பு நோக்கிப் பறந்த விருப்பங்களைச் சொந்த ஊரின் குரலிலேயே திரும்பக் கேட்கும் வாய்ப்பை இப்பகுதிக்குத் தந்தது.

இஸ்லாமிய கீதங்கள் என்றதும் இக்கரையில் முதலில் நினைவுக்கு வரும் பெயர் நாகூர் ஈ.எம். ஹனிபாவின் பெயரேயாகும். 1919 டிசம்பர் 25 அன்று இராமநாதபுரத்தில் பிறந்து, 2015 ஏப்ரல் 8 அன்று மறைந்த அவர், திருமண வீடுகளிலும் மீலாத் மேடைகளிலும் திராவிட முன்னேற்றக் கழகக் கூட்டங்களிலும் ஒரே குரலில், ஒரே உரத்தில் பாடியவர். இசைமுரசு என்ற பட்டம் அவருடைய பெயரின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. புலவர் ஆபிதீன், நாகூர் சலீம் போன்ற கவிஞர்கள் எழுதித் தர அவர் பாடிய இசைத்தட்டுகள் கடல் கடந்து இலங்கைக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றன. அவரும் அந்நாடுகளுக்கு நேரில் சென்று பாடினார். கல்முனைக் கரையுடன் நாகூருக்கு இருக்கும் உறவு ஹனிபாவுக்கு முற்பட்டது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாஹுல் ஹமீது நாயகத்தின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றப்படுவதும், அந்நாட்களில் மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் மக்கள் அங்கு திரள்வதும் நெடுங்கால வழக்கமாகும். எனவே நாகூர் என்ற ஊர்ப் பெயரைத் தாங்கி வந்த குரலை இக்கரையார் அந்நியக் குரலாகக் கேட்கவில்லை.

ஹனிபாவின் குரல் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்குச் சமயப் பற்று மட்டும் காரணமாகாது. ஒலிபெருக்கியின் இயல்பும் ஒரு காரணம். தென்னை மரத்திலோ பள்ளிவாசல் மினாராவிலோ கட்டப்பட்ட குழாய் வடிவ ஒலிபெருக்கி, தாழ்ந்த சுருதிகளையும் மிக உயர்ந்த மெல்லொலிகளையும் விழுங்கிவிட்டு, மனிதக் குரலின் நடுப்பகுதியை மட்டும் கூர்மையாக்கி வெகுதூரம் அனுப்பக்கூடியது. பின்னணி இசையின் நுணுக்கத்தை நம்பிய பாடல்கள் அக்குழாயில் சிதைந்து போயின. உச்ச சுருதியில், நெடில் எழுத்துகளை விரித்து, ஒவ்வொரு சொல்லையும் உடைத்து உச்சரிக்கும் ஹனிபாவின் பாட்டு, ஆர்மோனியத்தையும் தபேலாவையும் கழித்துவிட்டாலும் எஞ்சி நிற்கக்கூடியது. அரைக் கல் தொலைவில் வயலில் நிற்பவர்க்கும் சொல் தெளிவாகக் கேட்டது. பல்லவியைச் சேர்ந்திசைக் குரல்கள் திரும்பப் பாடும் அமைப்பு, முதல் முறை கேட்பவரையும் இரண்டாம் முறை உடன்பாட வைத்தது. இறைவனிடம் கையேந்துமாறு அழைக்கும் அவருடைய புகழ்பெற்ற பாடல், அதை எழுதிய இரா.மு. அப்துல் சலாமின் பெயரை அறியாதவர்களாலும், முஸ்லிம் அல்லாதவர்களாலும் விரும்பிக் கேட்கப்படுவதற்கு, எந்தச் சமயத்தாரும் தம் இறைவனை நினைத்துக்கொள்ளத் தக்கதாக அதன் சொற்கள் அமைந்திருப்பதே காரணமாகும். 1961 இல் வெளியான பாவமன்னிப்பு திரைப்படத்தில் டி.எம். சௌந்தரராஜனுடன் சேர்ந்து அவர் பாடிய பாடலும் திரையரங்கு வழியே இதே வேலையைச் செய்தது. இறைநேசரின் நினைவு விருந்தான கந்தூரிக் காலத்தில் அக்கரைப்பற்றுப் பள்ளியில் ஹனிபா ஒலிப்பதும், திருவிழாக் காலத்தில் ஆலையடிவேம்புப் பக்கத்துக் கோயில்களில் சீர்காழி கோவிந்தராஜனும் டி.எம்.எஸ்.ஸும் ஒலிப்பதும் இருபுறத்தார் காதிலும் விழுந்துகொண்டேயிருந்தன. இரு சமூகங்களுக்கிடையே குருதி சிந்திய ஆண்டுகளை இக்கரை கண்டிருக்கிறது; அவ்வாண்டுகளுக்கு முன்னும் பின்னும் மற்றவருடைய பக்திப் பாடல்களை முழுதாகப் பாடத் தெரிந்தவர்கள் இரு பக்கமும் இருந்தனர், இருக்கின்றனர் என்பது எழுதி வைக்கப்பட வேண்டிய உண்மை.

ஹனிபா பிறந்த அதே 1919 இல், அதே டிசம்பர் மாதத்தில், சேலத்தில் பிறந்த மொஹிதீன் பேக் இலங்கைக்கு வந்து சிங்களத் திரையிசையின் பெரும் பாடகர்களுள் ஒருவராகி, பௌத்த பக்திப் பாடல்களால் சிங்கள மக்களின் நெஞ்சில் இடம்பெற்று, 1991 இல் மறைந்தார். தமிழகத்து முஸ்லிம்கள் இருவரின் குரல்கள் இத்தீவின் இரு மொழியாரையும் இவ்வாறு ஆட்கொண்டதைத் தனி ஆய்வாக எழுதுவதற்கு யாரேனும் முன்வருவது நல்லது.

தட்டிலிருந்து ஒலிநாடாவுக்கு இசை மாறியதுதான் இக்கரையின் கேட்கும் பழக்கத்தில் ஏற்பட்ட மிகப் பெரிய திருப்பமாகும். பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய கசெட், அதாவது உள்ளங்கையளவு பிளாஸ்டிக் கூட்டுக்குள் இரு சுருளாக அடங்கிய காந்த நாடா, கேட்பவரே பதிவு செய்யவும் அழிக்கவும் கூடியதாக இருந்தது. 1977 இல் நாட்டின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதைத் தொடர்ந்து இறக்குமதிப் பொருள்கள் சந்தையை நிறைத்தன. அதே காலப்பகுதியில் தொடங்கிய வளைகுடா வேலைவாய்ப்பு, இவ்வூர்களின் ஆண்களையும் பெண்களையும் சவூதி அரேபியாவுக்கும் குவைத்துக்கும் அனுப்பி, திரும்பும்போது அவர்கள் கையில் வானொலியும் கசெட் கருவியும் ஒன்றிணைந்த பெட்டியைக் கொடுத்தனுப்பியது. மின்சாரம் எட்டாத வீடுகளில் அப்பெட்டி உலர்மின்கலங்களில் ஓடியது. பாட்டு இழுபடத் தொடங்கினால் பற்றறி முடிகிறது என்று பொருள். அவற்றை வெயிலில் காய வைத்து இன்னும் சில பாட்டுகளுக்கு உயிர் கொடுப்பது எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வித்தையாக இருந்தது.

இப்பெட்டிகளுக்கு இரை போட்டவை ரெக்கோடிங் பார் எனப்பட்ட சிறு கடைகளாகும். சந்தியை ஒட்டிய ஒடுங்கிய கடையில், சுவர் முழுவதும் கசெட் உறைகள் அடுக்கப்பட்டிருக்க, மேசையில் இரு கசெட்டுகளை ஒருங்கே இயக்கும் கருவியொன்றும், சில கடைகளில் இசைத்தட்டுச் சுழலியும் இருக்கும். வாடிக்கையாளர் கொப்பியிலிருந்து கிழித்த தாளில் தமக்கு வேண்டிய பாடல்களை எண்ணிட்டு எழுதிக் கொடுப்பார். அறுபது நிமிடக் கசெட்டாயின் பக்கத்துக்கு ஏழு அல்லது எட்டு, தொண்ணூறு நிமிடக் கசெட்டாயின் பக்கத்துக்குப் பத்துக்கு மேல். பெரும்பாலோர் எழுதிக் கொடுத்த பட்டியலில் பாடலின் பெயரும் படத்தின் பெயருமே இருக்கும். சிலர் மெட்டை முணுமுணுத்துக் காட்டுவர். கடைக்காரர் அதிலிருந்தே பாடலைக் கண்டுபிடித்துவிடுவார். பக்கத்தின் இறுதியில் இரண்டு நிமிடம் எஞ்சினால் அதை வெறுமனே விடுவது கடைக்காரருக்கு அழகல்ல என்பதால், தம் விருப்பப்படி ஒரு பாட்டை அங்கே இடுவார், அது பாதியில் அறுந்து நிற்கும். அவ்வாறு அறுந்த பாடலை முழுதாகக் கேட்க வேண்டும் என்ற ஆவலிலேயே அடுத்த கசெட்டின் பட்டியல் தொடங்கும். கடைக்காரர் இட்ட அந்த அரைப் பாட்டே பலருக்குப் புதிய பாடகர்களின் அறிமுகமாக அமைந்தது. இன்றைய செயலிகள் கணக்கிட்டு நீட்டும் பரிந்துரையை அக்கடைக்காரர் தம் காதை நம்பிச் செய்தார்.

கசெட்டின் விளிம்பிலுள்ள இரு சிறு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிட்டால் அதில் மீண்டும் பதிவு செய்ய இயலாது. பெருநாளுக்காக ஆசையோடு பதிந்த கசெட்டைத் தம்பிமாரிடமிருந்து காப்பதற்கு அதுவே வழி. தம்பிமாரோ அந்தத் துளையில் காகிதத்தைச் சுருட்டி அடைத்து, அல்லது பசைநாடாவை ஒட்டி, காப்பை மீறி வேறு பாட்டைப் பதிந்துவிடுவர். நாடா சிக்கிக்கொண்டால் அறுகோணப் பென்சிலை அல்லது பேனாவைப் பற்சக்கரத்தில் நுழைத்துச் சுழற்றிச் சீர்செய்ய வேண்டும். உறையின் உள்ளட்டையில் நீல மையினால் பாடல் வரிசையும், முதுகுப் பக்கத்தில் உரியவர் பெயரும் எழுதப்பட்டிருக்கும். இன்னாருடைய கசெட் என்று அது ஊருக்குள் அறியப்பட்டது; பாடியவரின் பெயரோ இசையமைத்தவரின் பெயரோ அதன் மேல் இல்லை. நண்பன் அதை இரவல் வாங்கி, இன்னொரு கசெட்டில் பிரதி எடுத்து, தனக்குப் பிடிக்காத இரு பாடல்களை நீக்கி வேறிரண்டைச் சேர்த்துக்கொள்வான். அந்தப் பிரதியிலிருந்து மூன்றாமவன் எடுப்பான். ஒவ்வொரு பிரதியிலும் பின்னணி இரைச்சல் சற்றே கூடும். உயர் ஒலிகள் சற்றே மங்கும். ஐந்தாம் பிரதியைக் கேட்டு வளர்ந்தவருக்கு அந்த மங்கலே அப்பாடலின் உண்மையான குரலாகப் பதிந்திருக்கும்.

மேற்குலகில் 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர், பாடல்களைத் தனித்தனியே பிரித்துத் தத்தம் விருப்பப்படி வரிசைப்படுத்தும் வழக்கம் இணையத்தால் பரவியபோது, இசைத்தொகுப்பு இறந்துவிட்டதென்ற புலம்பல் எழுந்தது. அப்புலம்பலை அக்கரைப்பற்றில் திரும்பச் சொல்வதற்குப் பொருளில்லை. கேட்பவர் தொகுப்பதே இங்கு இயல்பான முறையாக 1980களிலேயே நிலைபெற்றுவிட்டது. ஒரே கசெட்டில் ஹனிபாவும் இளையராஜாவும் சிங்களப் பைலாவும் இந்தித் திரைப்பாட்டும் அடுத்தடுத்து வருவதை யாரும் முரணாக எண்ணவில்லை. இக்கரையின் பன்மொழிச் சூழலை அத்தகைய கசெட் ஒன்று காட்டுமளவுக்கு எந்த நிறுவனத் தொகுப்பும் காட்டியதில்லை. அதேவேளை, இத்திருட்டுப் பிரதிகளால் பாடகர்க்கும் கவிஞர்க்கும் சேர வேண்டிய கூலி சேரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதைத் தெளிவாகத் தடை செய்தபோது, அக்கடைகளின் காலமும் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது.

முழு உருவில் வந்து, வரிசை குலையாமல் கேட்கப்பட்ட தொகுப்புகளும் சில இருந்தன. பெருநாள் காலையில் ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் முடியும்வரை ஓடிய ஹனிபாவின் கசெட்டுகள் அவற்றுள் முதன்மையானவை. காயல் ஷேக் முகம்மதுவின் பாடல்களுக்கும் அந்த மதிப்பு இருந்தது. 1989 இல் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த தீன் இசை மாலை, ரோஜா திரைப்படத்துக்கு மூன்றாண்டுகள் முற்பட்டது என்பதும், தமிழ் இஸ்லாமிய பக்திப் பாடல்களைத் திரைப்பாடகர்களின் குரலில், புதிய மின்னணு ஒலிச்சேர்க்கையுடன் தந்தது என்பதும், இப்போது அதை மீண்டும் தேடிக் கேட்போர்க்குச் சுவையான செய்திகளாக இருக்கும். ஹனிபாவின் உரத்த அழைப்பிலிருந்து மென்மையான வேண்டுதலுக்குத் தமிழ் இஸ்லாமியப் பாடல் திரும்பிய இடங்களுள் ஒன்றாக அத்தொகுப்பைக் கருதலாம்.

திருமறை ஓதலின் பதிவுகள் இசை என்ற வகைக்குள் வருவதில்லை. அவற்றை இசையோடு சேர்த்துப் பேசுவதை இவ்வூர் மக்கள் ஏற்பதுமில்லை. ஆயினும் பதிவு செய்யப்பட்ட ஒலியைப் பகிர்ந்துகொண்ட வரலாற்றில் அவற்றை விடுத்துச் செல்ல இயலாது. எகிப்திய காரி, அதாவது குர்ஆன் ஓதுநர், மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரி 1961 இல் முழுக் குர்ஆனையும் ஓதிப் பதிவு செய்த பின்னர், அப்துல் பாஸித் அப்துஸ் ஸமத் முதலியோரின் ஓதல்கள் கசெட் வரிசைகளாக உலகெங்கும் பரவின. ஹஜ்ஜிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் திரும்புவோர் பேரீச்சம் பழத்துடனும் ஸம்ஸம் நீருடனும் கொண்டுவந்த அந்தக் கசெட் பெட்டிகள், வீட்டின் மிக உயர்ந்த தட்டில் வைக்கப்பட்டன. அவற்றை இரவல் கேட்பவர்க்கு மறுப்பு இல்லை. அவற்றின் மேல் வேறெதையும் பதியும் துணிவு எந்தத் தம்பிக்கும் இல்லை.

வளைகுடாவிலிருந்து வந்த கசெட்டுகளுள் இன்னொரு வகை, குரல் கடிதமாகும். எழுத்து வராத தாய்க்கும், எழுதிச் சொல்ல முடியாததைச் சொல்ல விரும்பிய மனைவிக்கும் வெறுங்கசெட்டில் பேசிப் பதிந்து, ஊருக்குத் திரும்பும் ஒருவர் கையில் கொடுத்தனுப்புவது வழக்கமாக இருந்தது. பேச்சுக்கு இடையில் சொல் தடைப்படும்போது ஒரு பாட்டைப் பதிந்துவிட்டு மீண்டும் பேசுவர். கேரளத்தில் எஸ்.ஏ. ஜமீல் என்ற மாப்பிளைப் பாடகர் 1970களின் பிற்பகுதியில் துபாய்க் கடிதத்தையே பாட்டாக்கிப் புகழ்பெற்றார். இக்கரையில் அதுபோன்ற புகழ்பெற்ற படைப்பு எழவில்லையெனினும், ஒவ்வொரு வளவிலும் அதற்கு ஈடான கசெட்டுகள் இருந்தன. பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி நலம் விசாரித்து, அதன் பின் ஒரு ஹனிபா பாட்டு. பின்னர் அனுப்பிய பணத்தின் கணக்கு. பின்னர் இன்னொரு பாட்டு. கேட்கக் கொடுப்பதன் உச்சமாக இவற்றையே கொள்ள வேண்டும்.

இசை ஆகுமா ஆகாதா என்ற விவாதம் இஸ்லாமிய அறிஞர்களிடையே நூற்றாண்டுகளாக இருந்து வருவது. சீர்திருத்த இயக்கங்கள் வலுப்பெற்ற கடந்த சில பத்தாண்டுகளில் இக்கரையிலும் அது கூர்மையடைந்தது. கந்தூரியும் பாவாக்களின் தாயிராவும் சில ஊர்களில் அருகின. இசைக்கருவிகளைத் துறந்தவர்கள், மனிதக் குரலை மட்டுமோ, உடன் தஃப் எனும் ஒருபக்கத் தோற்கருவியை மட்டுமோ கொண்டு பாடப்படும் நஷீத் என்ற வகைக்குத் திரும்பினர். 2003 இல் வெளிவந்த சாமி யூசுஃபின் முதல் தொகுப்பும், 2009 இல் வெளிவந்த மாஹிர் ஸைனின் முதல் தொகுப்பும் அரபும் ஆங்கிலமும் கலந்த புதிய பக்தியிசையை இளையோரிடம் கொண்டு சேர்த்தன. ஒரே வீட்டில் மூத்தாப்பா ஹனிபாவையும், மகன் ரஹ்மானையும், பேத்தி மாஹிர் ஸைனையும் கேட்பதும், அவ்வீட்டிலேயே எதையும் கேட்காத ஒருவர் இருப்பதும் இன்று இயல்பான காட்சியாகும். கேட்காதவரின் நிலைப்பாட்டையும் மதித்து ஒலியைத் தாழ்த்திக்கொள்ளும் நாகரிகம் அவ்வீடுகளில் இருக்கிறது.

2021 பிப்ரவரியில் ஸ்பாடிஃபை செயலி இலங்கைக்கு வந்தது. யூடியூப் அதற்கு முன்பே எல்லார் கையிலும் இருந்தது. உலகின் எந்தத் தொகுப்பும், அதன் அட்டைப்படத்துடனும் மூல வரிசையுடனும், வெளியான அன்றே அக்கரைப்பற்றில் கிடைக்கும் நிலை வரலாற்றில் முதன்முறையாக ஏற்பட்டிருக்கிறது. அதே கைபேசியுடன் வந்த காதொலிப்பான், ஒரு பெட்டி நான்கு வீடுகளுக்குப் பாடிய நிலையையும் முதன்முறையாக முடித்து வைத்திருக்கிறது. முன்பு ஒருவர் என்ன கேட்கிறார் என்பதை அவர் சொல்லத் தேவையில்லை. வேலிக்கு அப்பாலிருந்தே தெரியும். இப்போது அதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். புலனம் (வாட்ஸ்அப்) குழுக்களில் பாடல் இணைப்புகளை அனுப்புவதும், எந்நாளும் ஒரு பாட்டைத் தம் நிலைத்தகவலாக வைப்பதும் அந்த இழப்பை ஈடுசெய்யும் முயற்சிகளாகவே தோன்றுகின்றன. நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை எழுதிய அதே மனம் இங்கும் வேலை செய்கிறது.

பழைய கசெட்டுகளின் நிலையோ கவலைக்குரியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டம் 10,000-க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. நாட்டிலேயே மிகுதியான உயிரிழப்பு இம்மாவட்டத்திலேயே நேர்ந்தது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையோர வீடுகளுடன் அவ்வீடுகளிலிருந்த புகைப்படங்களும் கசெட்டுகளும் கடலோடு போயின. எஞ்சியவற்றைக் கடற்காற்றின் ஈரம் தின்றுகொண்டிருக்கிறது. நாடாவின் மேல் காந்தத் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தால் இளகுவதும், சுருளின் விளிம்பில் வெண்ணிறப் பூஞ்சணம் படர்வதும், நெடுநாள் ஓடாத நாடாவில் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் படிந்து, பாட்டுத் தொடங்கும் முன்னரே அதன் மெல்லிய முன்னொலி கேட்பதும் அழிவின் அறிகுறிகளாகும்.

2005 இல் தொடங்கப்பட்ட நூலக நிறுவனம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கியதோடு, ஒலி ஆவணங்களையும் சேர்த்து வருகிறது. ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம், இவ்வூர்களின் பிள்ளைகள் படிக்கும் இடமாக, அவர்களின் வீட்டுப் பரண்களுக்கு எவரினும் அருகில் இருக்கிறது. ஹனிபாவின் பாடல்களைக் காப்பதற்கு இணையத்தில் ஆயிரம் கைகள் உண்டு. அவை அழியப் போவதில்லை. உடனடியாகக் கவனிக்க வேண்டியவை வேறு: நீல மையில் எழுதிய உள்ளட்டையுடன் கூடிய தெரிவுக் கசெட்டுகள், வளைகுடாவின் குரல் கடிதங்கள், திருமண வீட்டில் பொல்லடியையும் குரவையையும் யாரோ ஒருவர் பெட்டியை நடுவில் வைத்துப் பதிந்த நாடாக்கள், சஹர் வேளையில் சன்னலோரம் பிடித்த பாவாக்களின் பாட்டு. இவற்றுக்கு இரண்டாம் பிரதி எங்கும் இல்லை.

அவற்றைப் படியெடுப்பதற்கான முறை கடினமானதன்று. கசெட்டை முதலில் ஒலிக்க விடாமல், இரு பக்கமும் ஒருமுறை முழுதாகச் சுற்றி இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். பூஞ்சணம் தென்பட்டால் கருவியில் இடாமல், பழகிய கையிடம் கொடுக்க வேண்டும். கருவியின் ஒலித்தலையை ஒவ்வொரு கசெட்டுக்குப் பின்னும் மதுசாரக் கரைசலால் துடைக்க வேண்டும். இரைச்சலை நீக்கும் ஆசையில் மென்பொருளால் வடிகட்டாமல், உள்ளது உள்ளபடியே முதலில் பதிய வேண்டும். உள்ளட்டையின் இருபுறத்தையும், முதுகிலுள்ள பெயரையும் படமெடுத்து ஒலிக்கோப்புடன் சேர்த்து வைக்க வேண்டும். குரல் கடிதமாயின், பேசியவரின் குடும்பத்தார் உடன்பட்ட பின்னரே எதையும் வெளியிட வேண்டும். இவ்வளவையும் செய்யும்போது பட்டியலை எழுதியவர் உயிருடன் இருந்தால், ஒவ்வொரு பாட்டையும் ஏன் அந்த இடத்தில் வைத்தார், யாரிடமிருந்து பெற்றார், யாருக்குக் கொடுத்தார் என்று கேட்டு அதையும் பதிந்துவிட வேண்டும். 1980களில் இருபது வயதில் அப்பட்டியல்களை எழுதியவர்கள் இப்போது அறுபதை நெருங்கியோ தாண்டியோ இருக்கின்றனர்.